கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவே எப்சிபா

கருக்குவிளையில் எப்சிபாவின் இரண்டு கை வழியாகக் கிடார் பாட ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில், இரண்டாம் பாட்டுக்கும் வேதவாசிப்புக்கும் நடுவில், கோயில் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான். அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவரவர் இடத்திலேயே இருந்தார்கள், ஏனென்றால் ஆராதனை நடுவில் எழுந்து போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை, முந்தின வருஷம் உத்திரத்திலிருந்து நல்லபாம்பு விழுந்தபோதும் கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிறவரைக்கும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

கிடார் மஸ்கட்டிலிருந்து வந்தது. எப்சிபாவின் ஒரே மகள் பெர்சி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் போன முதல் வருஷம் முடிந்ததும், ஊருக்கு வருகிற ஒருவர் கையில் அப்பாவுக்கென்று கொடுத்துவிட்டிருந்தாள். அப்பா தேவசித்தம் தாலுகா ஆபீஸில் கிளார்க், கோயிலில் பாடகர் குழுத் தலைவர், இரண்டு இடத்திலும் தன்னை மதிப்பார் இல்லை என்று நினைக்கிற மனுஷர். பார்சலில் கிடாரோடு சோப்பும் பால்பவுடர் டின்னும் தைலமும் டார்ச்சும் இருந்தன, அதோடு சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியும் இருந்தது, அதன் முகத்தில் நாலு திருகு, இரண்டு பக்கமும் ஓட்டை, கூடவே மடித்த இங்கிலீஷ் காகிதம்.

வெளிநாட்டுப் பார்சல் பிரித்தால் அதிலிருந்து ஒரு பொருளை முதற்பலனாக ஐயர் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த ஊர் முறை. சபைப் போதகரைத்தான் அங்கே ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. தேவசித்தம் சோப்பை மோந்து பார்த்துவிட்டுத் தன் பக்கம் வைத்துக்கொண்டார், அவருடைய அக்கா தங்கபுஷ்பம் தைலத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள், பால்பவுடரைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை, டார்ச் ஆகும் என்றார்கள். மிச்சம் அந்தக் கறுப்புப் பெட்டி. அது எதற்கென்று தெரியாததால் அது இல்லாமல் எதுவும் நின்றுவிடாது என்று எப்சிபா நினைத்தாள், நினைத்து, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு அதைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐயரம்மா அதை ரேடியோ என்று எண்ணி நாலு திருகையும் திருகிப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் கிடைக்காததால் ஷோகேஸில் கண்ணாடி வாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவசித்தம் வெள்ளைச் சட்டை போட்டு, கிடாரைக் கோயிலில் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பில் நேராகச் சொருகி, கம்பியைத் தட்டினார். காலி டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வந்தது. திரும்பத் தட்டினார். திரும்பவும் டின். பின்வரிசையில் யாரோ, "மஸ்கட்ல தகரம் மலிவு போல" என்றது நன்றாகக் காதில் விழுந்தது.

மைக்செட் ஆசீர் எழுந்து வந்து ஆம்பின் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கிடார் மேலயும் குத்தமில்ல, ஆம்ப் மேலயும் குத்தமில்ல. இம்பீடன்ஸ் சேரல, அதான். கிடாருக்குள்ள சத்தத்தப் பிடிக்கிற பிக்கப் ஒட்டிருக்கு பாத்தியளா, அது பூஞ்சையான ஆளு. இந்த ஆம்ப் வாசல்லயே நின்னு பிடுங்கித் திங்கிற ஆளு. வார சத்தத்துல கனத்தையெல்லாம் அங்கேயே விட்டுட்டு வெறும் கீச்சுதான் உள்ள போவுது. நடுவுல ஒண்ணு நிக்கணும். கிடார்கிட்ட ஒண்ணுமே கேக்கப்பிடாது, ஆம்ப் கேட்டா எம்புட்டுன்னாலும் குடுக்கணும். அப்படி ஒண்ணு."

"அதுக்கு மதுரைக்கா போவணும்?" என்றாள் தங்கபுஷ்பம், பெண்கள் பக்கத்திலிருந்து. "எங்க எப்சி இருக்காள்லா. இருவத்தாறு வருசமா எங்க வீட்ல அவ அந்த வேலதான பாக்கா."

பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். எப்சிபாவும் சிரித்தாள், தன்னைப் பற்றிச் சொன்னால் முதலில் சிரித்துவிடுவது அவள் வழக்கம். ஆசீர் திரும்பும்போது அவன் கால் வயரில் மாட்டி, முறுக்கி ஒட்டியிருந்த இடத்தில் வயர் இரண்டாக விட்டுப்போனது. யாராவது தடுக்கி விழப்போகிறார்களே என்று பெண்கள் முன்வரிசையிலிருந்த எப்சிபா குனிந்து, ஒரு முனையை வலதுகையிலும் மறுமுனையை இடதுகையிலும் பிடித்துத் தூக்கினாள். தேவசித்தம் எரிச்சலில் தடித்த கம்பியை ஓங்கித் தட்டினார்.

சத்தம் கருப்பட்டிப் பாகு மாதிரி இறங்கியது. கோயில் பெஞ்சுகள் தொடைக்கடியில் அதிர்ந்தன. அந்தச் சத்தத்துக்குள் கடல் இருந்தது, ஆடி மாதத்துக் கடல், அலை வந்து மணலைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிற இரைச்சலோடு. முதல் வரிசையில் இருந்த பர்னபாஸ், வள்ளம் கவிழ்ந்து தம்பியைப் பறிகொடுத்தவர், பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு, "லேய் தம்பி" என்று வாய்விட்டு அழுதார். அவரைப் பார்த்து அவர் மனைவி அழுதாள், அவளைப் பார்த்துப் பக்கத்து வரிசை அழுதது. ஐயர் வேதவாசிப்பை ஒத்திவைத்தார்.

எப்சிபா வீட்டுக்கு வந்து உலையில் அரிசி போட்டபோதுதான் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு மைல் தள்ளி இரைகிற கடல் காதில் விழுவதே இல்லை, அது நின்றுபோனால்தான் தெரியும்.

"ஏங்க, கடல் இரையலியே" என்றாள்.

"காத்து மாறிருக்கும்" என்றார் தேவசித்தம், கிடாரைத் துடைத்துக்கொண்டே.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெர்சி போன் பண்ணினாள். ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அவள் பேசுவாள், அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் எப்சிபா திங்கள் முதல் சனி வரை எழுந்தாள், படுத்தாள். "அம்மா, சாப்பிட்டியா? கிடார் எப்படிம்மா இருக்கு? அந்தக் கறுப்புப் பெட்டியை நடுவுல மாட்டுனீங்களா, நல்லா வேலை செய்யுதா?" எப்சிபா போனை மறு காதுக்கு மாற்றினாள். மகள் ஆசையாக அனுப்பினதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "ம். செய்யுது" என்றாள்.

அடுத்த ஞாயிறுக்குள் ஊர் அதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. எப்சிபா உட்கார முக்காலி செய்தார்கள். கால் தரையில் பட்டால் ஆம்ப் உறுமுகிறது என்று ஆசீர் சொன்னதால் காலுக்கடியில் பலகை போட்டார்கள். வளையல் கலகலத்ததால் வளையலைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் நீலத் துணியில் புறா தைத்து ஒரு திரை போட்டார்கள், ஏனென்றால் ஒரு பொம்பளை இரண்டு கையிலும் வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஜெபத்தில் மனசு நிற்க மாட்டேன் என்கிறது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. மின்வாரிய லைன்மேன் வந்து அவள் மணிக்கட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், எரியவில்லை, ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஞாயிறு வாசிப்பு அட்டவணையில் பிரசங்கம் இன்னார், வேதபாடம் இன்னார், காணிக்கை எடுப்பது இன்னார் என்பதற்குக் கீழே, நடுவில் பிடிப்பது திருமதி எப்சிபா என்று அச்சாகியது. நாலாம் மாதம் அதைப் படிக்கிற எவருக்கும் அதில் ஒரு விசேஷமும் தோன்றவில்லை.

கடல் மூன்று வாரம் தாங்கியது. பிறகு கிடாரில் இரைச்சல் வற்றி மறுபடியும் டின் எட்டிப் பார்த்தது. நாலாவது வாரம் எப்சிபா முனைகளைப் பிடித்தபோது இடி வந்தது, சித்திரைக் கோடையில் பனங்காட்டுக்கு மேல் உருளுகிற இடி. கோயில் சிலிர்த்தது. அதற்கப்புறம் வானம் மின்னும்போதெல்லாம் அவள் மேலே பார்ப்பாள், மின்னும், ஒன்றும் வராது. இடிக்குப் பின் கோயில் மணி போயிற்று, மணிக்குப் பின் பனை ஓலைகள் உரசுவது போயிற்று, எருமை கத்துவது போயிற்று. உலகம் அடியிலிருந்து கரைந்து மேலே வந்துகொண்டிருந்தது, கீழ்த்தொண்டைச் சத்தங்கள் முதலில், கீச்சுச் சத்தங்கள் கடைசியில். அவளுக்குள்ளிருந்து போனது என்னவோ அது கிடாரில் வந்தது, வந்த மூன்றாம் வாரம் தீர்ந்தது, தீர்ந்ததும் அடுத்தது.

அடுத்தது தேவசித்தத்தின் குரல்.

அந்த ஞாயிறு கிடார் ஓர் ஆண்பிள்ளை தொண்டையைச் செருமுகிற மாதிரி ஆரம்பித்துக் கம்பீரமாகப் பாடியது. "எங்க அப்பா மாதிரியே இருக்கு" என்று தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்தாள், தேவசித்தம் தன் வாசிப்பின் கம்பீரம் அது என்று நினைத்துக்கொண்டார். மதியம் சாப்பிடும்போது அவர் வாய் அசைந்தது. ரசம் கேட்கிறாரா மோர் கேட்கிறாரா என்று தெரியாமல் எப்சிபா இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

"குடுத்து வச்சவ நீ" என்றாள் பக்கத்து வீட்டு ராஜகனி, கிணற்றடியில். "எங்க வீட்டு ஆள் சத்தத்தையும் கொண்டுபோகச் சொல்லேன்க்கா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

எப்சிபா சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே மிச்சத்தை நினைத்துப் பார்த்தாள். பெண்களின் பேச்சு இருந்தது. குக்கர் விசில் இருந்தது. அணில் இருந்தது. போனில் மெலிசாக வருகிற பெர்சியின் சத்தம் இருந்தது. ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் நேராக ஐயர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணொண்ணாக் கேக்காமப் போவுது. என் மவ சத்தம் போறதுக்குள்ள என்ன விட்டுருங்க. அது ஒண்ணுதான் நான் வேண்டிக் கேக்கது."

ஐயர் நல்ல மனுஷர், யாரையும் கோபித்துப் பேச மாட்டார். ஆண்குரல் எதுவும் இப்போது அவளுக்குக் கேட்காது என்பதால் ஐயரம்மா பக்கத்தில் நின்று தன் கீச்சுக்குரலில் அப்படியே திருப்பிச் சொன்னாள். "இழந்தேன்னு ஏன் நெனைக்க? சபைக்குத்தான குடுத்திருக்க. எங்க போச்சு? இங்கதான இருக்கு. பர்னபாஸ் ரெண்டு வருசம் கோயிலுக்கே வராத ஆளு, இன்னைக்கு மொத பெஞ்சுல இருக்கான். ஒன் காதுக்குள்ள கெடந்தா அது ஒனக்கு மட்டுந்தான." சொல்லிவிட்டு, ஐயரம்மா அவளுக்கு டீ கொடுத்தாள். அவள் டீ குடித்த இடத்துக்கு நேர் எதிரே, ஷோகேஸில், கண்ணாடி வாத்துக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. எப்சிபா அதைப் பார்த்தாள், கொடுத்த முதற்பலனைத் திருப்பிக் கேட்கக் கூடாது, தூசி தட்டி நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அந்த வருஷம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் கன்வென்ஷன் என்கிற ஜெபக்கூட்டத்துக்கும் கலியாணத்துக்கும் அழைத்தார்கள், தேவசித்தம் கிடாரோடு முன்னால் உட்கார, எப்சிபா முக்காலியோடு வேனின் பின்னால் உட்கார்ந்து போனாள். தங்கபுஷ்பத்தின் குரல் ஒரு கன்வென்ஷனில் தீர்ந்தது. ராஜகனியின் கேலி ஓர் அசன விருந்தில் தீர்ந்தது, அன்றைக்குக் கிடாரைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது. காது கேட்காதவளிடம் பேசி என்ன என்று ஊரார் அவளிடம் பேசுவதை விட்டார்கள், அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள். ஞாயிறு நாலு மணிக்கு மட்டும் போனைக் காதில் வைத்து, "சாப்பிட்டியாம்மா?" என்று அவள் கேட்பாள், "சாப்பிட்டேன், நீ?" என்று மறுமுனையில் அந்தச் சத்தம் நூல் மாதிரி வரும்.

பெர்சிக்குச் சம்பந்தம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை, அந்தக் கிடாரைக் கலியாணத்தில் வாசிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கன்வென்ஷனில் அதைக் கேட்டு மூன்று நாள் அழுதாளாம். மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசிக்க வேண்டும், யாருக்காவது தடை இருந்தால் சொல்லச் சொல்லி. முதல் ஓலைக்குப் பெர்சி மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கினாள். நேரில் பேசினாலும் அவள் சத்தம் எப்சிபாவுக்குப் போனில் கேட்கிற மாதிரியே மெலிசாகத்தான் கேட்டது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

பத்திரிகை கொடுக்க ஐயர் வீட்டுக்குப் போன பெர்சி ஷோகேஸின் முன்னால் நின்றுவிட்டாள்.

"ஐயரம்மா, இது இங்க எப்படி வந்துச்சு? இது கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவுல மாட்டுறதாச்சே! நான் அனுப்புனதாச்சே!"

இரண்டாம் ஓலை ஞாயிற்றில் ஆசீர் கறுப்புப் பெட்டியை நடுவில் மாட்டி, காகிதத்தைப் பார்த்து நாலு திருகையும் அளவாக வைத்தான். எப்சிபாவைப் பெண்கள் வரிசையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள், ஒன்றரை வருஷத்துக்குப் பின் அவள் கை இரண்டும் மடியில் சும்மா இருந்தன. தேவசித்தம் வாசித்தார். கனமும் இருந்தது, கீச்சும் இருந்தது, எதுவும் எதையும் பிடுங்கவில்லை. "மேட்ச் ஆயிருச்சு. இதான் அண்ணாச்சி ஒரிஜினல் சத்தம்" என்றான் ஆசீர்.

கோயில் உப்பில்லாத சாப்பாட்டின் முன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"கிடார் மாதிரி இருக்கு" என்றார் ஒருவர், குறை சொல்கிற குரலில்.

"ஆமா, வெறும் கிடார்."

பர்னபாஸ் எழுந்தே நின்றுவிட்டார், ஆராதனை நடுவில் சண்டைக்கு எழுந்த முதல் ஆள் அந்த ஊரில் அவர்தான். "எங்கள இம்புட்டு நாள் அழவச்சிட்டு இப்ப பொட்டியக் கொண்டாந்து மாட்டுனா எப்படி? அந்தப் பொம்பளைய எங்க?" எல்லாரும் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார்கள். எப்சிபாவுக்கு அவர் பேசியது கேட்கவில்லை, முகங்கள் திரும்பியது தெரிந்தது. வழக்கம்போல முதலில் சிரித்தாள்.

பெட்டி ஷோகேஸுக்குத் திரும்பிப் போயிற்று. அந்த வாரமும் மூன்றாம் ஓலை வாரமும் பக்கத்து ஊர்களில் நாலு விசேஷம். குக்கர் விசில் போயிற்று, அணில் போயிற்று, கொசு போயிற்று.

கலியாணத்துக்கு முந்தின நாள் அடுக்களையில் எப்சிபா மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெர்சி, இனி உன் சத்தம் ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு நான் பிடிச்சா அது போயிரும். அந்தப் பொட்டியை வச்சு நடத்தச் சொல்லும்மா. நீ சொன்னாக் கேப்பாவ."

பெர்சி கைகளில் மருதாணி இருந்தது, கலைந்துவிடாமல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கத்தான் செய்தது. "அவங்க வேற ஒண்ணுமே கேக்கலம்மா. இது ஒண்ணுதான். இப்பப் போய் மாட்டேன்னா நாளைக்கு அந்த வீட்ல நான் எப்படித் தலை நிமிந்து நிப்பேன்?" என்றாள். உள்ளங்கையை ஊதிக்கொண்டே, "நான் என்ன ஊர்லயா இருக்கப்போறேன்? வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புறேன்மா. பேசுறதவிட எழுதுனா அழிக்காம வச்சிக்கிடலாம்" என்றாள். எப்சிபா அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்பது மருதாணி காய்கிற அவசரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை மணவறைப் பாட்டுக்கு எப்சிபா பட்டுச்சேலையோடு திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தாள், காலைப் பலகையில் வைத்தாள், வளையலைக் கழற்றினாள், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முனையையும் பிடித்தாள்.

தேவசித்தம் மெலிந்த கம்பியைத் தொட்டார். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றின பிள்ளையின் முதல் அழுகை வந்தது. பிறகு, பாலுக்கு அழுவது. பிறகு, பல் முளைக்காத வாயால் சொன்ன "ம்மா", குளியலறையிலிருந்து "அம்மா துண்டு", பள்ளிக்கூட வாசலில் "போகாதம்மா", ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னது, ஞாயிறு நாலு மணிகள் ஒவ்வொன்றும், "சாப்பிட்டேன், நீ?" "சாப்பிட்டேன், நீ?" என்று. மாப்பிள்ளை வீட்டார் விம்மினார்கள். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து வாசலில் நின்று அழுதார்கள். "இதுக்குத்தான வந்தோம், இதுக்குத்தான வந்தோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா மார்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். பெர்சி தன் சத்தத்தைத் தானே கேட்டு, தாங்காமல், திரையைப் பார்த்து "அம்மா" என்று கத்தினாள். அதையும் கம்பி எடுத்துக்கொண்டது.

மூன்றாம் சரணத்தில் டின் வந்தது. தேவசித்தம் திரையைப் பார்த்து முறைத்து, காலால் வயரை ஆட்டினார். டின்தான். இனிமேல் இவளிடம் ஒன்றும் இல்லை என்பது ஆசீருக்கு முதலில் புரிந்தது. அவன் திரைக்குள் நுழைந்து அவள் விரல்களுக்குள்ளிருந்து முனைகளை மெல்ல உருவினான். ஐயரம்மா முன்யோசனைக்காரி, கறுப்புப் பெட்டியைக் கைப்பையிலேயே போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மீதிப் பாட்டு பெட்டியில் நடந்தது. அழுது முடித்தவர்களுக்கு அது நன்றாகவே இருந்தது. அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் எப்சிபா கண்ணை மூடினபடி, இரண்டு கையையும் நீட்டினபடி உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? முடிந்துவிட்டது, போ என்று தோளைத் தொட்டுச் சொல்வது யார் வேலை என்று எந்த அட்டவணையிலும் போட்டிருக்கவில்லை. கடைசிப் பந்திக்கு ஸ்டூல் போதவில்லை என்று முக்காலியை எடுக்க வந்தவர்தான் அவளை எழுப்பினார்.

பெர்சி மஸ்கட் போய்ச் சேர்ந்த அடுத்த ஞாயிறு, நாலு மணிக்குப் போன் கையில் அதிர்ந்தது. எழுத்து வந்திருந்தது. எப்சிபா எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிக்க வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்குப் போய்விட்டது.

"அம்மா, கல்யாணத்துல என் சத்தம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அவங்க வீட்ல எல்லாரும் தினமும் போட்டுக் கேக்குறாங்க. ரெக்கார்ட் பண்ணினதை அனுப்பியிருக்கேன். கேட்டுட்டுச் சொல்லு."

அதற்குக் கீழே ஒரு முக்கோணம். அதைத் தொட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டாள். முடிந்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்தாள், கோடு பாதிதான் நகர்ந்திருந்தது, மறுபடியும் காதில் வைத்தாள். கோடு கடைசிவரை போன பிறகு, ஒரு விரலால் தேடித் தேடி, "கேட்டேன். நல்லாருக்கு" என்று எழுதி அனுப்பினாள்.

பிறகு, மணி இன்னும் நாலேகால் தாண்டவில்லை என்பதுபோல, போனைத் திரும்பக் காதோடு வைத்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.